பாத முத்தி

லீனா ராகி முளைகள் வளர்ந்த இரண்டு தட்டுகளை ஏந்திக்கொண்டு காக்ஸ் டவுன் பங்குக் கோயிலுக்குள் நுழைந்தபோது, இயேசு பிறந்த தொழுவமாக அமைத்த குடிலின் முன்னால் ஒரு கம்பளிப் போர்வை திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளின் பிற்பகல். பீடத்தருகே பெண்கள் இருவர் பூச்சாடிகளை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். குடிலின் புல்வெளி ஒவ்வோர் ஆண்டும் லீனாவின் பொறுப்பு. கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் அவள் வீட்டிலும் எதையும் அளந்தே செய்வாள். தட்டுகளில் பயிர் ஒரே உயரத்தில் நின்றது. புல் தவிர மற்றதெல்லாம் அவள் தம்பி டிரேவரின் பொறுப்பு.

திரையை விலக்கிக்கொண்டு டிரேவர் தலையை நீட்டினான்.

"அக்கா, கண்ணை மூடிக்கோ."

"மூடினா தட்டு விழும்."

"சரி, தொறந்தே வச்சுக்கோ. ஆனா வாயை மூடிக்கோ. நீ பேசினா எஃபெக்ட் போயிடும்."

அவள் உள்ளே போய்த் தட்டுகளை இறக்கி வைத்தாள். டிரேவர் திரையை இழுத்து மூடினான். உள்ளே இருட்டு. ரெசிடென்சி ரோட்டில் டிஸ்கோ விளக்கு போடும் நண்பனிடமிருந்து வாங்கி வந்த, புறஊதாக் கதிர் வீசும் கறுப்புக் குழல்விளக்கு ஒன்று கூரையின் அடியில் இருமுறை துடித்து ஊதா நிறத்தில் எரிந்தது. இடையர்களின் வெள்ளைத் துணிகள் நீலமாயின. வைக்கோலின் நடுவே பாலன் இயேசுவின் சுரூபம் பச்சையாக ஒளிர்ந்தது. விளக்கு அதன் மேல் விழுவதாகத் தெரியவில்லை; ஒளி அதன் உள்ளிருந்து வருவதாகத் தெரிந்தது. தலைமுடி, நீட்டிய கைகள், வயிறு, முழங்கால் என்று அந்தப் பச்சை இறங்கி வந்து கணுக்காலில் நின்றது. பாதங்கள் மட்டும் இருட்டில் இருந்தன.

"இப்ப பேசலாம்," என்றான் டிரேவர். "பக்கத்துப் பங்குக்காரன் போன வருஷம் குடில் போட்டியில தண்ணிச் சக்கரம் சுத்த விட்டு பிரைஸை அடிச்சுட்டுப் போனான்ல? இந்த வருஷம் அவன் ராக்கெட்டே விட்டாலும் நம்மகிட்ட ஒண்ணும் நடக்காது."

லீனா அந்தப் பச்சையை அறிவாள். உலகில் பச்சையாக ஒளிரும் பொருள்கள் பல உண்டு. இந்த மஞ்சள் கலந்த பச்சை ஒன்றுக்குத்தான் உண்டு.

"எங்கேருந்து எடுத்தே?"

"எதை?"

"டிரேவர்."

"உன் காலேஜ்லதான். கோச்சுக்காதே. ஒரு ஃபிலிம் ரோல் டப்பால கொஞ்சூண்டு. பாட்டில்ல குறைஞ்சதே தெரியாது."

தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியின் வேதிப்பொருள் கிடங்கின் சாவி அவளிடம் இருந்தது.

அந்த ஆண்டு மே மாதம் ராஜஸ்தானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததிலிருந்து மாணவிகள் யுரேனியத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாயால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று லீனா முடிவு செய்தாள். கிடங்கில் யுரேனைல் அசிடேட் ஒரு பழைய பாட்டிலில் இருந்தது. சோடியத்தைக் கண்டறியும் சோதனைக்காக எப்போதோ வாங்கியது. மின்னணு நுண்ணோக்கியில் உயிரணுக்களுக்குச் சாயமேற்றுவதும் இதே உப்புத்தான் என்றும், யுரேனியச் சேர்மங்களைக் கலந்து வார்த்த மஞ்சள் கண்ணாடிக் கிண்ணங்களில் ஒரு காலத்தில் பணக்கார வீடுகள் பழம் பரிமாறின என்றும் அவள் வகுப்பில் சொன்னாள். கறுப்பு விளக்கை மாட்டித்தர டிரேவரைத்தான் வரவழைத்திருந்தாள். விளக்கு எரிந்து, மஞ்சள் தூள் பச்சையானபோது பின்வரிசையில் இரு பெண்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

"பயப்பட வேண்டாம்," என்றாள் லீனா. "இதிலிருந்து முக்கியமாக வரும் கதிர் ஒரு காகிதத்தைத் தாண்டாது. தோலையும் தாண்டாது."

டிரேவர் அதுவரை கேட்டான். பிறகு ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டான். அவள் அடுத்துச் சொன்னது, இந்த உப்பு தண்ணீரில் எளிதில் கரையும், கரைந்து வயிற்றுக்குள் போனால் கதிரைவிட நஞ்சாகவே அதிகம் கெடுக்கும், முதலில் கெடுவது சிறுநீரகம் என்பது. அதை மாணவிகள் குறித்துக்கொண்டார்கள். டிரேவர் திரும்பி வந்தபோது அவள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டில் மேசையில் இருந்தது.

இப்போது குடிலுக்குள் நின்று அந்த இரண்டாம் பகுதியை அவனிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே சுரூபத்தின் வைக்கோலைச் சரிசெய்தான்.

"அது எனக்கும் தோணுச்சுக்கா. வாயில படக் கூடாதுன்னு. அதான் பாதத்துல பூசலை. பாரு, கணுக்காலோட நிறுத்திட்டேன். நான் என்ன அவ்ளோ மடையனா?"

ஆண்டுதோறும் குழந்தைகள் திருப்பலி முடிந்ததும் பாலன் சுரூபத்தைக் குடில் செய்தவன் ஏந்தி நிற்பான். பங்கு மக்கள் வரிசையில் வந்து அதன் பாதத்தில் முத்தமிடுவார்கள். அதற்கு முத்தி செய்வது என்று பெயர். முதல் முத்தி குடில் செய்தவன் வீட்டுப் பிள்ளைக்கு. இந்த ஆண்டு அது டிரேவரின் மகள் ஷெரினுக்கு. அவளுக்கு நான்கு வயது.

"எதுல கலந்தே? வார்னிஷ்லயா?"

"வார்னிஷ்ல கரையவே இல்லை. கோந்துத் தண்ணில கலந்தேன். பாயசம் மாதிரி கலந்துச்சு."

"தண்ணில கலந்தது தண்ணி பட்டா வந்துடும்டா. பியாட்ரிஸ் ஆன்ட்டி என்ன பண்ணுவாங்க, யோசி."

டிரேவர் யோசித்தான். ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு பியாட்ரிஸ் ஆன்ட்டி பன்னீரில் நனைத்த துணியால் பாதத்தைத் துடைப்பாள். மரியாயின் சேனை என்ற பக்தசபைக்குத் தலைவியான அவளுக்குத் துடைப்பதில் தாராளம் உண்டு. பாதத்தோடு அவள் கை நின்றதில்லை.

"நான் ஃபாதர்கிட்ட சொல்றேன்," என்றாள் லீனா.

"என்னன்னு சொல்லுவே? உன் காலேஜ்லேருந்து நான் திருடினேன்னா? நான் வேலை பார்த்த ஃபேக்டரி மூடினதுக்கப்புறம் இந்த ஏரியால என்னை எல்லாரும் என்னான்னு கூப்பிடுறாங்க தெரியுமா? குடில் டிரேவர். அது ஒண்ணுதான்க்கா மிச்சம். அதையும் புடுங்காதே."

பாட்டில் அவள் பொறுப்பில் இருந்தது. கேள்வி வந்தால் முதலில் அவளிடம்தான் வரும். அந்த நினைப்பும் வந்தது. அதற்கும் தம்பியின் மேல் இரக்கம் என்றே அவள் பெயர் வைத்துக்கொண்டாள்.

"பெயிண்ட் காயலைன்னு சொல்லிடறேன்," என்றான் டிரேவர். "இந்த வருஷம் முத்தி வேணாம், தூரத்துலேருந்து கும்பிட்டா போதும்னு. அவ்ளோதானே? யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ராத்திரிக்குள்ள நானே கழுவிடறேன்."

"கண்டிப்பா சொல்லுவியா?"

"சத்தியமா."

லீனா ஒப்புக்கொண்டாள். பிழையான சமன்பாடு என்று தெரிந்தும் இரு பக்கமும் சமமாகிவிட்டதால் விட்டுவிடும் மாணவிகளை அவள் மன்னித்ததில்லை.

திருப்பலி ஆறு மணிக்குத் தொடங்கியது. கோயில் நிறைந்து, வாசலில் நின்றவர்களின் தலைகள் வரை தெரிந்தன. லிங்கராஜபுரத்திலிருந்தும் குடும்பங்கள் ஸ்கூட்டரில் வந்திருந்தன. ஷெரின் லீனாவின் மடியில் அமர்ந்து புதுச் செருப்பின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அவளுடைய தாய் பாடகர் குழுவில் இருந்தாள். காணிக்கைப் பாடலின்போது லீனா கழுத்தைத் திருப்பி டிரேவரைத் தேடினாள். அவன் தூணருகே நின்று, சொல்லியாயிற்று என்பதுபோல் தலையை அசைத்தான். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் செபத்தின் சொற்கள் காதில் விழுந்தன.

இறுதி ஆசீர் முடிந்ததும் பங்குத்தந்தை அலெக்சாண்டர் ஒலிபெருக்கியை நெருங்கினார்.

"வழக்கம்போல இப்போது பாலன் இயேசுவுக்கு முத்தி செய்வோம். நெரிசல் வேண்டாம், தள்ள வேண்டாம். குழந்தைகள் முதலில்."

லீனா எழுந்தாள். ஷெரின் அதற்குள் அவள் மடியிலிருந்து இறங்கி நடுவழியில் ஓடிக்கொண்டிருந்தாள். லீனா வரிசையை ஒட்டி முன்னே விரைந்தபோது, பீடத்தின் படியருகே பன்னீர்க் கிண்ணத்துடன் நின்ற பியாட்ரிஸ் ஆன்ட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"பார்த்தியாம்மா, உன் தம்பி இன்னா சொன்னான்னு? பெயிண்ட் காயலையாம், முத்தி வேணாமாம். ஃபாதர்கிட்ட சொல்லச் சொன்னான். நான் உடுவேனா? வருஷா வருஷம் நடக்குறதை ஒரு பெயிண்ட்டுக்காக நிறுத்துறதான்னு நானே பன்னீர் போட்டு, தலையிலேருந்து கால் வரைக்கும் நல்லாத் துடைச்சுட்டேன். ஒண்ணும் ஒட்டலை பாரு."

அவள் காட்டிய துணி மஞ்சளாக இருந்தது. அதையே மடித்து மறுபக்கம் திருப்பிப் பாதத்துக்காக வைத்திருந்தாள்.

டிரேவர் அதற்குள் சுரூபத்தைப் பெற்றுக்கொண்டு படியில் நின்றிருந்தான். அவன் சொன்னது பியாட்ரிஸ் ஆன்ட்டியைத் தாண்டிப் போகவில்லை என்பதை ஃபாதரின் அறிவிப்பிலிருந்துதான் அவன் அறிந்திருக்க வேண்டும். ஆனாலும் பாதம் சுத்தம் என்றே நம்பிக்கொண்டிருந்தான். முகத்தில் சிறு சங்கடம் இருந்தது, அச்சம் இல்லை.

"டிரேவர்!"

கோயிலில் அந்தக் குரல் அளவுக்கு மீறி ஒலித்தது. அவன் அக்காளைப் பார்த்தான். அவள் ஆன்ட்டியின் கையிலிருந்த துணியைக் காட்டினாள். அவன் துணியைப் பார்த்தான். பிறகு தன் இடுப்புயரத்தில், பாதத்தை எட்டுவதற்காகக் குதிகாலை உயர்த்தி வாயைக் குவித்திருந்த மகளைப் பார்த்தான். சுரூபத்தைச் சட்டென்று மேலே தூக்கினான். ஒரு கணம் அதை அப்படியே பிடித்திருந்தான். பிறகு பக்கவாட்டில் கைகளை விரித்தான்.

பாரிஸ் சாந்தால் ஆன சுரூபம் கல்படியில் விழுந்து சிதறியது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "கை நழுவிடுச்சா?" "குடிச்சிருக்கானா?" "கிறிஸ்துமஸ் அதுவுமா, ஐயோ!" ஷெரின் அழத் தொடங்கினாள். லீனா அவளைத் தூக்கிப் பாடகர் குழுவிலிருந்து ஓடி வந்த தாயிடம் கொடுத்தாள். யாரோ துடைப்பம் கொண்டு வந்தார்கள்.

"தொடப்பத்தை எடுத்துட்டுப் போ!" என்று பியாட்ரிஸ் ஆன்ட்டி சீறினாள். "மந்திரிச்ச சுரூபம். குப்பை மாதிரி கூட்டுவீங்களா?"

அவள் மண்டியிட்டு ஒரு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி, உதட்டில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். அதைப் பார்த்து அடுத்தவள் செய்தாள். பிறகு வரிசை குலைந்தது. பெண்கள் குனிந்து பொறுக்கினார்கள்; ஆண்கள் கைக்குட்டையை விரித்தார்கள்; ஒரு தகப்பன் விரல்நுனியளவு சில்லைப் பிள்ளையின் சட்டைப் பையில் போட்டு மேலிருந்து தட்டினான். குருவானவர் மந்திரித்துப் புனிதமாக்கிய பொருள் உடைந்தால் குப்பையில் சேரக் கூடாது, வீட்டில் படத்தருகே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். எடுத்த ஒவ்வொருவரும் முத்தமிட்ட பிறகே வைத்துக்கொண்டார்கள். ஒரு பாதத்தில் படிந்திருந்தது இப்போது பல கைகளில் இருந்தது.

லீனாவிடம் ஒரு துல்லியமான அளவு இருந்திருந்தால் துணிந்து பேசாமல் இருந்திருப்பாள். ஒரு ஃபிலிம் டப்பாவில் எவ்வளவு கொள்ளும், அதில் எவ்வளவு பூச்சுக்குப் போனது, துணிக்கு எவ்வளவு, ஒரு சில்லில் எவ்வளவு, ஒரு குழந்தையின் நாக்கில் எவ்வளவு? எதுவும் நேராமல் போகலாம். போகலாம் என்பதை ஒரு விடையாக எழுதினால் அவள் மதிப்பெண் தர மாட்டாள்.

"ஃபாதர், மைக் வேணும்."

"இப்பவாம்மா?"

"இப்பதான் ஃபாதர். லைட்டையெல்லாம் அணைக்கச் சொல்லுங்க. குடில்ல இருக்குற விளக்கை எடுத்துட்டு வரணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோயில்பிள்ளைக்குச் சைகை காட்டினார். டிரேவர் யாரும் சொல்லாமலே குடிலுக்குப் போய், நீண்ட ஒயரை அவிழ்த்தபடி குழல்விளக்கைக் கொண்டு வந்தான். கோயில் விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. ஊதா விளக்கு எரிந்தது.

வெள்ளைச் சட்டைகளும் முக்காடுகளும் நீலமாக மிதந்தன. அவற்றின் நடுவே உள்ளங்கைகளிலும் விரல் இடுக்குகளிலும் பச்சைச் சில்லுகள் ஒளிர்ந்தன. முன்வரிசையில் சிலருடைய உதடுகளின் ஓரத்திலும் அந்தப் பச்சை மங்கலாகத் தெரிந்தது.

"ஆண்டவரே!" என்றது ஒரு குரல். பின்னால் யாரோ முழங்காலிடும் ஓசை கேட்டது, பின் பலர்.

"அற்புதம்! உடைஞ்சும் ஒளி போகலை பாரு!"

லீனா இதை எதிர்பார்க்கவில்லை. விளக்கைக் காட்டினால் புரிந்துவிடும் என்பது வகுப்பறையில் வந்த நம்பிக்கை.

"எழுந்திருங்க, தயவு செஞ்சு," என்றாள் ஒலிபெருக்கியில். "இது அற்புதம் இல்லை. சுரூபத்து மேல ஒரு உப்பு பூசியிருக்கு. யுரேனியத்தோட உப்பு. வாயில பட்டா கிட்னிக்குக் கெடுதல். எல்லாரும் துண்டையெல்லாம் இங்க கொடுத்துட்டு, கையையும் வாயையும் நல்லாக் கழுவணும். பிள்ளைங்களுக்கு முதல்ல."

அந்தச் சொல்லைத் தவிர்க்க முடியாதா என்று அவள் எண்ணிப் பார்த்திருந்தாள். தவிர்த்தால் யாரும் தர மாட்டார்கள். சொன்ன பிறகும் தரவில்லை.

"யுரேனியமா? பாம் போடுறதா?" என்றான் ஒருவன். யாரோ சிரித்தார்கள், ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள், பிள்ளையின் மூடிய கை மூடியபடியே இருந்தது.

"பாம் இல்லைங்க. வெடிக்காது. ஆனா விஷம்."

"கோயில்ல எவன் விஷம் பூசுவான்?" பியாட்ரிஸ் ஆன்ட்டியின் குரல் இருட்டிலும் அடையாளம் தெரிந்தது. "கண்ணு முன்னாடி அற்புதம் நடக்குது, அதைப் போய் கெமிஸ்ட்ரின்றியேம்மா! தம்பி கை நழுவவிட்டதை மறைக்கப் பார்க்குறியா?"

அது நியாயமான ஐயம் என்று பலரும் கருதியது முணுமுணுப்பில் தெரிந்தது. கைகள் மூடிக்கொண்டன. ஒவ்வொரு கை மூடியபோதும் ஒரு பச்சைப் புள்ளி அணைந்தது. லீனாவிடம் மேற்கொண்டு சொல்ல உண்மை எதுவும் மீதியில்லை. சொன்னவள் மேல் நம்பிக்கை இல்லாதபோது உண்மையின் அளவைக் கூட்டிப் பயனில்லை.

டிரேவர் விளக்கை ஃபாதரின் கையில் கொடுத்துவிட்டு ஒலிபெருக்கிக்கு வந்தான்.

"நான்தான் பூசினேன்," என்றான். "அக்கா காலேஜ்லேருந்து அவளுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்து நான்தான் பூசினேன். பிரைஸுக்காக. விஷம்னு அக்கா மத்தியானமே சொன்னா. நான்தான் சொல்லாம இருந்தேன். கை நழுவலை ஆன்ட்டி. எம் பொண்ணு வாயை வைக்க வந்தா. நானாத்தான் போட்டேன்."

இரு கைகளையும் விளக்கின் கீழ் நீட்டினான். நகக்கண்களில், ரேகைகளில், மணிக்கட்டுவரை பச்சை படிந்திருந்தது. அற்புதத்தைச் செய்தவனின் கை அது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.

பிள்ளையின் சட்டைப் பையில் சில்லைப் போட்ட தகப்பன் முதலில் வந்து, அதை லீனா படியில் விரித்த ஈரத் துணியில் வைத்தான், டிரேவரைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒருவர் ஒருவராக வந்தார்கள். முத்திக்கு நின்ற அதே வரிசை. வைத்துவிட்டுக் கிணற்றடிக் குழாயை நோக்கிப் போனார்கள். "திருட்டுப் பய," என்று ஒருவர் சொன்னது கேட்டது. ஃபாதர் அலெக்சாண்டர் விளக்கை இரு கைகளாலும் பிடித்தபடி ஒவ்வொரு குழந்தையின் வாயையும் பார்த்து, கழுவி வந்ததும் மறுபடியும் பார்த்தார். வாசல்வரை போய்ப் பார்க்க ஒயர் எட்டவில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு முன்பே போய்விட்ட தாயின் வீடு எதுவென்று லீனா விசாரித்தாள். லிங்கராஜபுரம் பக்கம் என்றார்கள். தெரு யாருக்கும் தெரியவில்லை. நாளைக் காலையில் ஃபாதருடன் வீடு வீடாகப் போவதாகச் சொன்னாள்.

துணியின் மேல் சில்லுகளைப் பொருத்திப் பார்த்தபோது சுரூபத்தின் கைகள் கூடின, முழங்கால்கள் கூடின. முகத்தில் ஒரு கன்னம் இல்லை.

பியாட்ரிஸ் ஆன்ட்டி எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கன்னத்துண்டு அதில் இருந்தது.

"கழுவித் திருப்பிக் கொடுப்பியாம்மா?" என்று லீனாவிடம் கேட்டாள். குரலில் சீற்றம் இல்லை.

லீனா அதை வாங்கினாள். பூச்சுப் பட்ட பக்கத்தில் நீர் இறங்கியிருந்தது. பாரிஸ் சாந்து நீரை உறிஞ்சும், நீரோடு அதில் கரைந்ததையும் உறிஞ்சும். எத்தனை முறை கழுவினாலும் இந்த விளக்கின் கீழ் இது ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

"முதல்ல நீங்க வாயைக் கழுவுங்க ஆன்ட்டி," என்றாள்.

ஆன்ட்டி போகவில்லை. விடைக்காக அங்கேயே நின்றாள்.